பதுளையில் ஒரு கடற்றொட்டி

கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தே, நாற்புறமும் தேயிலை மலைகள் சூழ்ந்த பதுளையிலே, வீட்டினுள் கடல்நீர் நிரப்பிக் கடல்மீன் வளர்க்கின்றோம் என்று சொன்னால் கேட்போர் முதலில் நகைப்பர். பின்பு, "உப்புத் தண்ணீருக்கு எங்கே போகிறீர்கள்?" என வினவுவர். மூன்றாவது வினாவொன்று உண்டு. அதனை எவரும் கேட்பதில்லை. அந்நீர் எக்குழாய் வழியே இறங்கி, எக்குழாய் வழியே ஏறுகின்றது, மின்சாரம் நின்றவுடன் அது எங்கே போய் நிற்கும் என்பதே அவ்வினா. எமது தொட்டி 2022ஆம் ஆண்டில் அழிந்ததும், பின்னர் அதனை நாம் அடிதொட்டுப் புதுக்கியதும் இம்மூன்றாவது வினாவை உரிய காலத்திற் கேளாமையாலேயே. யூபிலி மலருக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்தபோது, ஏட்டில் உள்ளதை மீண்டும் எழுதுவதிலும் எமது விறாந்தையில் வழிந்தோடியதை எழுதுவதே தகும் எனக் கருதினோம். பௌதிக ஆய்வுகூடத்தில் வடிகுழாயை வாயால் உறிஞ்சித் தொடக்கிவைத்துச் சட்டையை நனைத்துக்கொண்ட பழைய மாணவர்களுக்கு இதில் விளங்காத பகுதி எதுவும் இராது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுவோம். கடல்மீன் வளர்ப்போர் பெரும்பாலும் இரண்டு தொட்டிகள் வைப்பர். மேலே மீன்கள் உலவும் கண்ணாடித் தொட்டி. கீழே, அதைத் தாங்கும் அலுமாரிக்குள், பார்வைக்கு மறைவாக இன்னொரு தொட்டி. மேற்றொட்டியின் ஒரு மூலையிலே சீப்பின் பற்கள் போல வெட்டப்பட்ட விளிம்புடைய வழிவுப் பெட்டி ஒன்று இருக்கும். நீர் அவ்விளிம்பைத் தாண்டி வழிந்து, இறங்குகுழாய் வழியே கீழ்த்தொட்டிக்கு வரும். நீரின் மேற்பரப்பிற் படியும் எண்ணெய்ப் பசையும் அழுக்கும் இவ்வாறு முதலிலே வழித்தெடுக்கப்படுகின்றன. கீழ்த்தொட்டி தடுப்புக்களாற் பிரிக்கப்பட்ட சில அறைகளை உடையது. வடிகட்டும் துணி, கரைந்த கழிவை நுரையாக்கி வெளியேற்றும் நுரைவடிப்பான், வெப்பமூட்டி யாவும் அங்கேதான். கடைசி அறையிலுள்ள பம்பி நீரை ஏறுகுழாய் வழியே மீண்டும் மேலே அனுப்பும். மேலே வரும் நீரின் அளவும் கீழே வழியும் நீரின் அளவும் தாமே சமப்படும். வழிவதற்கு மேலாக எதுவும் இறங்க முடியாதன்றோ?

இவ்வேற்பாடு நேற்றுத் தோன்றியதன்று. 1871இல் இலண்டனிலே கிறிஸ்டல் பலஸ் மண்டபத்தில் திறக்கப்பட்ட பெரிய மீனகத்தை வகுத்தவர் வில்லியம் அல்போர்ட் லொயிட் என்பவர். அவர் காட்சித் தொட்டிகளின் கீழே, வெளிச்சம் புகாத பெரிய நீர்த்தேக்கம் ஒன்றை அமைத்து, நீராவியால் இயங்கும் பம்பிகளைக் கொண்டு அந்நீரை இராப்பகலாகச் சுற்றி ஓடவிட்டார். எமது அலுமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டி அத்தேக்கத்தின் பேரப்பிள்ளை. 1869இல் பேர்லின் நகரிற் திறக்கப்பட்ட மீனகத்தின் இடர் வேறு. அந்நகருக்குக் கடல் அருகில் இல்லை. ஆகவே ஒட்டோ ஹேர்மெஸ் என்னும் இரசாயன அறிஞர் அதற்குச் செயற்கைக் கடல்நீரை ஆக்கிக் கொடுத்தார். சென்னை மெரீனாக் கரையில் 1909இல் திறந்த மீனகத்துக்கோ கடல் வாசலிலேயே இருந்தது. பதுளைவாசிகளாகிய நாம் சென்னையாரின் உறவினராயினும் இவ்விடயத்திற் பேர்லின்காரரின் கூட்டாளிகளே.

அம்பாந்தோட்டை உப்பை வாங்கிக் கரைத்தால் ஆகாதா என்று கேட்பவர் உளர். ஊவாவுக்கு உப்பு ஏறிவந்த பழைய வழி அதுவே ஆதலின் கேள்வி இயல்பானது, ஆயினும் ஆகாது. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புக்கள் உள்ளன. அவற்றிற் பெரும்பகுதி சோடியம் குளோரைட்டு எனினும், மகனீசியம் 1.3 கிராம் அளவிலும் கல்சியம் 0.4 கிராம் அளவிலும், சல்பேற்று, பொற்றாசியம் முதலியன தத்தம் அளவிலும் கலந்திருக்கின்றன. உப்பளத்தில் நீர் வற்றும்போது கல்சியம் முதலிலேயே படிந்துவிடும். மகனீசியமோ கடைசிவரை நீரில் நின்று கைப்பு நீரோடு கழிக்கப்படும். கறிக்கு வேண்டாத இவையே ஓட்டுடலிகளுக்கும் இறாலுக்கும் உயிர்நிலை. ஆகவே யாவும் சேர்ந்த கலவை உப்பைப் பொதியாக வாங்கவேண்டியிருக்கின்றது. எமது 360 லீற்றர் நீருக்கு ஏறக்குறைய 13 கிலோகிராம் வேண்டும். அது கப்பலேறி வரும் பண்டம். 2022இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்த பின்னர் அதன் விலை எமது சம்பளத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியது. இனிச் சொல்லப்போகும் கணக்கில் ஒவ்வொரு லீற்றரையும் நாம் எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, அழிவின் கதை. பழைய மேற்றொட்டி நாலடி நீளமும் இரண்டடி அகலமும் உடையது. அதாவது 120 சதமமீற்றரும் 60 சதமமீற்றரும். நீர்மட்டம் ஒரு சதமமீற்றர் தாழ்ந்தால் 7.2 லீற்றர் வெளியேறும் என்பது எட்டாம் வகுப்பு மாணவனும் செய்யக்கூடிய கணக்கு. நாம் அதைச் செய்யவில்லை. ஏறுகுழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 8 சதமமீற்றர் கீழே வைத்திருந்தோம். அங்கிருந்து பாயும் நீர் தொட்டியின் மறு கோடிவரை அழகாகச் சுழன்றது. பம்பி ஓடும்வரை குறையில்லை. பம்பி நின்றதும் அதே குழாய் வடிகுழாயாக மாறிவிடும். மேலே ஏறிய வழியாலேயே நீர் கீழே இறங்கத் தொடங்கும். குழாயின் வாய் வெளியே தெரிந்து, காற்று உள்ளே புகும்வரை நில்லாது. 8 சதமமீற்றரை 7.2ஆற் பெருக்கினால் 57.6 லீற்றர். கீழ்த்தொட்டியோ 75 சதமமீற்றர் நீளம், 40 சதமமீற்றர் அகலம். அதில் 12 சதமமீற்றர் உயரமே வெறுமையாக இருந்தது. அவ்விடத்திற் கொள்ளக்கூடியது 36 லீற்றர். மீதி ஏறக்குறைய 21 லீற்றர் எங்கே போகும்?

பின்விறாந்தைச் சீமெந்துத் தரையிற் போய், அதன் சரிவு வழியே கானுக்குள் விழுந்தது. தரை மரப்பலகையாயிருந்தால் முதல் நாளே கண்டிருப்போம். சரிவாகச் சீமெந்து இழைத்த மேசன் தன் தொழிலை மிக நன்றாகச் செய்திருந்தான்; அதுவே வினையாயிற்று.

இவ்வளவோடு நின்றிருந்தாலும் பெரிய கேடில்லை. நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே நாள்தோறும் குறையும் அளவுக்கு நன்னீரே சேர்க்கவேண்டும். அதற்காகக் கடைசி அறையிலே ஒரு மிதவை வால்வு பொருத்தி, அதனை வீட்டுத் தண்ணீர்க் குழாயோடு நேரே இணைத்திருந்தோம். கையால் ஊற்றும் தொல்லை தீர்ந்தது என்று மகிழ்ந்தோம். நடந்தது இது: மின்சாரம் நிற்கும், 21 லீற்றர் கடல்நீர் கானுக்குப் போகும். மின்சாரம் வரும், பம்பி நீரை மேலே ஏற்றும், கீழ்த்தொட்டியில் நீர் குறையும், மிதவை தாழும், 21 லீற்றர் நன்னீர் அமைதியாக உள்ளே வரும். மட்டம் பழையபடி சரியாயிருக்கும். பார்ப்பவருக்கு எவ்வித வேறுபாடும் தெரியாது. ஆனால் மொத்த உப்பில் நூற்றுக்கு ஆறு பங்கு போய்விட்டது.

2022 மார்ச்சு மாதத்தை நினைவுகூருங்கள். எரிபொருள் வாங்க நாட்டிற் பணமில்லை. மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை சென்றது. பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை எனப் பம்பி நின்று நின்று ஓடியது. ஒவ்வொரு முறையும் உப்பு 0.94 மடங்காகக் குறைந்தால், 35இல் தொடங்கியது ஏழாம் முறையில் 23க்குக் கீழே வந்துவிடும். நாலாம் நாளிலே இறால்கள் மடிந்தன. நட்சத்திரமீன் கைகள் தளர்ந்து கண்ணாடியிலிருந்து உதிர்ந்தது. நீர் கெட்டுவிட்டது என்று எண்ணி அமோனியாவைச் சோதித்தோம், வெப்பத்தைப் பார்த்தோம், இரவில் மூச்சுத்திணறல் என்று தீர்மானித்துப் பழைய கார் மின்கலத்தில் ஒரு காற்றுப் பம்பியை ஓட்டினோம். கடைசியாகவே நீரடர்த்திமானியை எடுத்து மிதக்கவிட்டோம். 1.026 இருக்கவேண்டிய தன்னீர்ப்பு 1.017 காட்டியது. கருவி பழுது என்று இன்னொருமுறை கழுவி மிதக்கவிட்டது எம்முடைய அறியாமையன்றி வேறில்லை. அதற்குள் மீன்களிற் கோமாளிமீன் இரண்டும் ஒரு நீலக் குறுமீனுமே எஞ்சின. அடுத்த மின்வெட்டின்போது விறாந்தையில் விளக்கோடு காத்திருந்து பார்த்தபோதுதான், எமது கடல் எவ்வழியே நன்னீராயிற்று என்பது விளங்கியது.

தொட்டியைக் கலைத்துக் கட்டுவதெனத் துணிந்து, பசறைப் பக்கத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையிலே நெடுங்காலம் குழாய்வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை அழைத்தோம். அவர் கடல்மீனைக் கண்டவரல்லர், ஆயினும் அமைப்பைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "மாஸ்டர், தண்ணி ஓடுறப்ப எல்லாக் குழாயும் நல்ல குழாய்தான். நிப்பாட்டிப் பாத்தீங்களா?" என்றார். தோட்டத்துப் பீலியை உதாரணமாகவும் காட்டினார். மலை ஊற்றிலிருந்து மூங்கிலாலோ தகரத்தாலோ இட்ட பீலியில் நீர் இராப்பகலாக விழுந்துகொண்டேயிருக்கும். அது நின்றால் என்னாகும் என்று பீலி கட்டியவன் எண்ணவேண்டியதில்லை. மின்சாரத்தாற் சுழலும் நீருக்கு அந்தப் பேறு இல்லை. ஆகவே புதிய அமைப்பின் ஒவ்வோர் அங்கத்தையும், அது ஓடும்போது என்ன செய்யும் என்று பாராமல், நிற்கும் கணத்திலும் மீண்டும் தொடங்கும் கணத்திலும் என்ன செய்யும் என்று பார்த்தே வகுத்தோம்.

முதலாவது ஏறுகுழாயின் வாய். இப்போது அது நீர்மட்டத்துக்கு ஒன்றரைச் சதமமீற்றர் மட்டுமே கீழே இருக்கின்றது. பம்பி நின்றால் இறங்குவது 10.8 லீற்றர், குழாய்களிலும் வழிவுப் பெட்டியிலும் இருப்பது சிறிது. கீழே கொள்ளும் இடம் 36 லீற்றர். இதற்கு மேலதிகக் காவலாக, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளையிட்டோம்; மட்டம் தாழ்ந்ததும் காற்று அதன்வழி புகுந்து வடிகுழாயின் தொடரை அறுக்கும். துளையை நத்தையும் சுண்ணப் பாசியும் அடைக்கும் ஆதலின் மாதமொருமுறை குச்சியாற் குத்தவேண்டும். ஒருவழி வால்வு பூட்டினால் இவையெல்லாம் எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். அதன் மடலில் ஒரு மணற்பருக்கை சிக்கினாலும் நீர் கசியும். ஓரிரவில் கசிவும் ஓட்டமும் ஒன்றே. ஒருவழி வால்வை மூன்றாங் காவலாக வைக்கலாம், முதற் காவலாக வைத்தல் கூடாது.

இதன் மறுதலையும் உண்டு. அதை நாம் ஏட்டிலும் கண்டதில்லை, பெரியவர் கேட்டபோதே எண்ணினோம். இறங்குகுழாய் அடைபட்டால்? அப்போது பம்பி கடைசி அறையிலுள்ள நீர் முழுவதையும் மேலே ஏற்றித் தள்ளும். மேற்றொட்டியில் நீரின் ஆழம் 42 சதமமீற்றர், கண்ணாடி உயரம் 45. எஞ்சிய மூன்று சதமமீற்றரில் 21.6 லீற்றர் அடங்கும். ஆகவே பம்பி உறிஞ்சக்கூடிய நீர் அதனிலும் குறைவாக இருத்தல் வேண்டும். கடைசி அறையை 25 சதமமீற்றர் நீளத்துக்குக் குறுக்கித் தடுப்பிட்டோம். அகலம் 40, நீர் 20, பம்பியின் வாய் அடியிலிருந்து 4; எனவே மேலே போகக்கூடியது 16 லீற்றர். இறங்கினாலும் கொள்ளும், ஏறினாலும் கொள்ளும் என்ற இரட்டை நிபந்தனை நிறைவேறியது. தொட்டி புதுக்குவோர் குழாய்க்கடைக்குப் போகுமுன் இவ்விரு பெருக்கலையும் ஒரு கடதாசியிற் செய்துகொள்வாராக.

இறங்குகுழாய் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் பலர் இதை வெறும் ஓட்டையும் குழாயுமாகவே எண்ணுகின்றனர். ஒற்றைக் குழாயில் நீரும் காற்றும் ஒருங்கே இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று நெருக்குவதாற் குளறல் ஓசை எழும். இரவில் அவ்வோசை தொண்டை கட்டியவர் வாய் கொப்பளிப்பதை ஒக்கும். டர்சோ என்னும் அமெரிக்கர் பெயரால் வழங்கும் முறையில், குழாயின் தலையை வளைத்துக் கீழ்நோக்கி வைத்து, உச்சியிற் சிறு காற்றுத்துளை இடுவர்; ஓசை பெரிதும் குறையும். நாம் கைக்கொண்டது மூன்று குழாய் முறை. முதற் குழாய் நீர் நிறைந்து, காற்றின்றி, முழு வடிகுழாயாக ஓடும். அதன் அடியிலுள்ள வால்வைச் சிறிது சிறிதாக மூடி, வரும் நீரில் ஏறக்குறைய முழுவதையும் அதுவே கொண்டு செல்லுமாறு அளவிடுவோம். மீதியாகிய சிறு கசிவை இரண்டாங் குழாய் ஓசையின்றிக் கொண்டு இறங்கும். மூன்றாங் குழாய் அவற்றிலும் உயரமாக, வெறுமையாக நிற்கும். நத்தையொன்று முதற் குழாயை அடைத்தால் அன்றே அதற்கு வேலை. அது சலசலக்கும் ஓசை கேட்டால் எழுந்து பார்க்கவேண்டும் என்பது வீட்டிற் சிறுவர்க்கும் தெரியும்.

இங்கே மீண்டும் தொடங்கும் கணம் குறுக்கிடுகின்றது. மின்சாரம் நின்றபோது முதற் குழாயிற் காற்று நிறைந்துவிடும். மின்சாரம் வந்ததும் அக்காற்றை வெளியே தள்ளினாலன்றி வடிகுழாய் தொடங்காது. குழாயின் நுனி கீழ்த்தொட்டி நீரில் ஆழமாக அமிழ்ந்திருந்தால், இறங்கும் நீரால் அக்காற்றை வெளியேற்ற இயலாது. மேலே மட்டம் ஏறும், மூன்றாங் குழாய் கத்தும். நுனியை நீர்மட்டத்துக்கு இரண்டு சதமமீற்றர் கீழே நிறுத்தினால் காற்று குமிழிகளாகி வெளியேறி, ஓரிரு நிமிடத்தில் ஓட்டம் அமையும். அதே காரணத்தால் இறங்குகுழாய் எவ்விடத்தும் கிடையாகப் போதலும், கீழிறங்கி மீண்டும் மேலெழுதலும் ஆகா.

வால்வைப் பற்றி ஓர் எச்சரிக்கை. காற்றிருப்பைச் சிறிது சிறிதாக அளவிடுவதற்குக் கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பும் பந்துவால்வு உதவாது. பலமுறை திருகித் திறக்கும் வாயில்வால்வே வேண்டும். பதுளைக் கடைகளில் நாம் கேட்டபோது எடுத்துத் தந்தவை யாவும் பித்தளை. பித்தளையிற் செம்பு உண்டு. உப்புநீர் அதைக் கரைக்கும். மீனின் புள்ளிநோய்க்கு மருந்தாக இடும் செம்பின் அளவு லீற்றருக்கு ஒரு மில்லிகிராமின் ஐந்திலொரு பங்களவே. அச்சிறு அளவே இறாலையும் நத்தையையும் கொல்லப் போதும். ஆகவே நீர் தொடும் இடம் யாவும் பிளாத்திக்காய் இருத்தல் வேண்டும். பீ.வீ.சீ. வால்வைக் கொழும்பிலிருந்து தருவித்தோம். லொயிட் தமது காலத்திற் பிளாத்திக்கு இன்மையால் கடினமாக்கிய றப்பராற் குழாயும் பம்பியும் செய்வித்தார் என்பதை எண்ணும்போது, ஒரு வாரம் தபாலுக்குக் காத்திருந்தது பெரிதாகத் தோன்றவில்லை.

செம்பு எனும்போது தோட்டங்களில் வாழ்வோர் இன்னொன்றையும் கருதவேண்டும். 1946இல் தேயிலைக் கொப்புளநோய் இலங்கையிற் தோன்றியது முதலாகச் செம்புச் சேர்வைகள் கொழுந்து காக்கும் மருந்தாகத் தெளிக்கப்பட்டு வந்துள்ளன. தேயிலைச் சரிவின் கீழே ஊறும் நீர் குடிப்பதற்குத் தெளிவாயிருக்கலாம். கடற்றொட்டிக்கு அதனை நம்பி ஊற்றல் தகாது. எதிர்ப்பிரசாரணம் என நூல்களிலும், ஆர்.ஓ. எனக் கடைவீதியிலும் வழங்கும் வடிகட்டியினூடாகச் செலுத்தியே சேர்க்கவேண்டும். அதன் மென்சவ்வினூடாக நீரைத் தள்ள மூன்று நான்கு வளிமண்டல அமுக்கம் தேவை. கொழும்பார் இதற்கென ஒரு பம்பி வாங்குவர். மலைநாட்டிலோ பத்து மீற்றர் இறக்கம் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அமுக்கத்தைத் தரும். எமக்கு நீர் வரும் ஊற்று வீட்டுக்கு 35 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. கறுத்த அல்கதீன் குழாயில் இறங்கிவரும் நீர் வடிகட்டியைத் தானே இயக்குகின்றது. துன்ஹிந்தை வீழ்ச்சியின் உயரம் 64 மீற்றர். அவ்வளவு இறக்கம் குழாய்க்குள் அடங்கினால் ஆறு வளிமண்டலங்களுக்கு மேல் கிடைக்கும் என்று மாணவர் கணித்துப் பார்க்கலாம்.

ஆனால் அவ்வூற்றை மிதவை வால்வோடு மீண்டும் இணைக்கவில்லை. வடித்த நீரை 20 லீற்றர் கலனொன்றிற் சேர்த்து, அக்கலனையே மிதவையோடு இணைத்தோம். மிதவை சிக்கித் திறந்தே நின்றாலும் உள்ளே போகக்கூடியது 20 லீற்றர், உப்பு 35இலிருந்து 33க்கு இறங்கும், எவ்வுயிரும் மடியாது. அளவின்றி ஓடக்கூடிய நீரை மீன்தொட்டிக்குக் காட்டாதிருத்தல் நலம்.

பம்பியின் வலுவைப் பற்றி நண்பர் பலர் கேட்பதுண்டு: மலையில் வளியமுக்கம் குறைவாகையாற் பம்பி தளருமா? நீருள் மூழ்கிய பம்பிக்கு அக்குறை இல்லை. அது ஏற்றவேண்டியது கீழ்மட்டத்துக்கும் மேல்மட்டத்துக்கும் இடையேயுள்ள உயரமும் குழாயின் உராய்வுமே. பெட்டியில் அச்சிட்டிருக்கும் மணிக்கு 3000 லீற்றர் என்பது ஏற்றமே இல்லாதபோது ஓடும் அளவு. நாலடி ஏற்றத்திலும் வளைவுகளிலும் அதிற் பாதிதான் மிஞ்சும் என்று கொள்க. எமக்கு மணிக்கு 1500 லீற்றர் போதும். குழாயை மட்டும் அகலமாக எடுக்கவேண்டும்: அதே ஓட்டத்துக்கு உள்விட்டம் இருமடங்கானால் உராய்வு ஏறக்குறைய 32இல் ஒரு பங்காகும். நேர்கோண வளைவு ஒன்றுக்குப் பதில் 45 பாகை வளைவு இரண்டு இட்டோம்.

வளியமுக்கம் குறைவதாற் குறைவது ஒட்சிசனே. பதுளையில் அமுக்கம் கடற்கரையின் அமுக்கத்தில் நூற்றுக்கு 92 பங்கு. 25 பாகைக் கடல்நீர் கரையோரத்தில் லீற்றருக்கு 6.7 மில்லிகிராம் ஒட்சிசன் கொள்ளுமாயின், இங்கே 6.2 அளவே கொள்ளும். பம்பி நின்ற இரவில் இது பெரிது. மின்சாரம் நின்றதும் தானே ஓடும் காற்றுப் பம்பி ஒன்றைச் சிறு மின்கலத்தோடு வைத்திருக்கின்றோம். வெப்பநிலையில் எமக்குச் சலுகை உண்டு. கொழும்பார் நீரைக் குளிர்விக்கப் பொறி வாங்குவர். நாம் மார்கழி, தை மாதங்களில் வெப்பமூட்டியே வைக்கின்றோம். அது முன்பு கடைசி அறையிலிருந்தது. அவ்வறையின் நீரே ஏறி இறங்குவது ஆகையால், ஒருநாள் வெளியே தெரிந்து காய்ந்து வெடித்தது. இப்போது தடுப்பினால் மட்டம் மாறாத முதலறையில் இருக்கின்றது.

கலைத்துக் கட்டிய நாட்களில் எஞ்சிய மூன்று மீனும் ஒரு பெரிய பிளாத்திக்குத் தொட்டியிற் பழைய நீரோடு இருந்தன. சூளையிற் சுட்ட, துளை நிறைந்த களிமண் பாளங்களே எமது தொட்டியிற் பாறை. அவற்றின் துளைகளில் வாழும் பற்றீரியாக்களே மீனின் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றுவன. அவற்றைக் குழாய்நீரிற் கழுவாமல், காயவிடாமல், மீனோடு ஒரே நீரில் வைத்தோம். அடிமணலை மட்டும் எறிந்துவிட்டோம்; அதன் கீழடுக்கிற் கறுத்து நாறிய பகுதியைக் கிளறினால் மீன் மூன்றும் அன்றே போயிருக்கும். பாறைக்காகக் கடலிலிருந்து முருகைக்கல் தருவிக்கலாமே என்றார் ஒருவர். முருகைக்கல் இலங்கைச் சட்டத்தாற் காக்கப்படுவது. 1998இல் கடல் வெம்மையுற்று வெளிறிப்போன இக்கடற்கரை முருகைப் பார்களுக்கு நாமும் ஒரு கை கொடுக்க விரும்பவில்லை.

குழாய் ஒட்டும் முறை பலரும் அறிந்ததே. ஆகவே சுருக்கமாகச் சொல்வோம். முழு அமைப்பையும் பசையின்றிப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் பென்சிலாற் கோடிட்டுப் பின்பே ஒட்டவேண்டும். பீ.வீ.சீ. பசை என்பது உண்மையில் ஒட்டுவதன்று. இரு பரப்பையும் இளக்கி ஒன்றாக்குவது. எனவே தவறினால் அறுப்பதன்றி வழியில்லை. பம்பியின் இருபுறமும், தொட்டித் துளைகளின் கீழும் கழற்றக்கூடிய யூனியன் இடுதல் அவசியம். பழைய அமைப்பில் அதை மிச்சம் பிடித்தமையால், புதுக்கும்போது அரைவாசிக் குழாயை வாளால் அறுத்தெறிந்தோம். தொட்டியின் அடிக்கண்ணாடி கடினமாக்கப்பட்டதாயின் துளையிட முயலவேண்டாம். அது முழுவதும் நொறுங்கும்.

ஒட்டியபின் ஒருநாள் விட்டு, உப்பிடாமல், ஊற்றுநீரையே நிரப்பி மூன்று நாள் ஓட்டினோம். ஓட்டியது சிறிது, நிறுத்தியதே பெரிது. பெரியவர் ஒரு முக்காலியில் அமர்ந்துகொண்டு, சுவரிலுள்ள ஆளியைப் பதினைந்து முறையாவது போட்டும் அணைத்தும் பார்த்தார். ஒவ்வொரு முறையும் கீழ்த்தொட்டியில் நீர் எவ்வளவு ஏறுகின்றது என்று பார்த்து, அதற்குமேல் ஏறக்கூடாத மட்டத்தில் சிவப்பு மையாற் கண்ணாடியில் ஒரு கோடு கீறினோம். முதற் குழாயின் வாயிற் துணியை அடைத்து மறுதலையையும் சோதித்தோம். மேற்றொட்டியில் நீர் விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்றது. அதன் பிறகே நீரை இறைத்துவிட்டு, முதல்நாள் கரைத்து வைத்த உப்புநீரை ஊற்றினோம்.

2025 பெப்ரவரி 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்திலே குரங்கொன்று மின்மாற்றியைத் தொட்டதால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அன்று நாம் அப்புத்தளையில் ஒரு கலியாண வீட்டில் இருந்தோம். செய்தி கேட்டபோது சோறு இலையில் இருந்தது, எழுந்துவர இயலவில்லை. இரவு வீடு திரும்பியபோது மின்சாரம் வந்துவிட்டிருந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு நேரே பின்விறாந்தைக்குப் போனோம். தரை உலர்ந்திருந்தது. அலுமாரியைத் திறந்து பார்த்தால், நீர் ஏறி நின்று இறங்கிய இடத்திலே கண்ணாடியில் உப்பு ஒரு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே.